கட்டியின் செல்லையே மாற்றி ஊசியாகப் போடும் சிகிச்சை: சின்னாத்தாவுக்கு இப்போது உதவுமா?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய சின்னாத்தாவுக்கு சினைப்பைப் புற்று, மூன்றாம் நிலை. மதுரையில் மூன்று சுற்று கீமோ முடிந்து, அடுத்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப் போகிறார்கள். இதற்கிடையே மலேசியாவில் இருக்கும் அம்மான் ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார். நோயாளியின் கட்டியை எடுத்து, அதன் மரபணுவை மாற்றி, அதையே தடுப்பூசியாகப் போட்டால் புற்று திரும்ப வராது என்று அதில் வருகிறதாம். சென்னையில் ஒரு இடத்தில் விசாரித்ததில் பல லட்சம் கேட்டிருக்கிறார்கள். "நகையை வைத்தாவது போட்டுவிடலாமா? போட்ட செல்லே உள்ளே புற்றாக வளர்ந்துவிடாதா?" இவைதான் கேள்விகள்.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகையை வைக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் இன்னும் உருப்படியான வழிகள் சின்னாத்தாவுக்கு இருக்கின்றன, கீழே சொல்கிறேன். ஆனால் அம்மான் அனுப்பியது கட்டுக்கதை என்றும் நினைத்துவிடாதீர்கள். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பெரிய பெரிய ஆட்கள் இதற்காக உழைத்திருக்கிறார்கள். அடிப்படை யோசனை சரியானது. அது ஏன் இன்னும் மருந்தாகக் கைக்கு வரவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், யாராவது வந்து ஆசை காட்டும்போது என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அடிக்கும். புற்று செல் வெளி ஆள் இல்லை. வளவு வீட்டில் பங்காளி ஒருவரே இரட்டைச் சாவி போட்டுத் திறந்தால் காவல்காரர் தடுக்க மாட்டார் அல்லவா, அதுபோலத்தான். ஆனாலும் புற்று செல்லில் மரபணுக்கள் கெட்டுப்போயிருப்பதால், மற்ற செல்களில் இல்லாத சில புரதத் துணுக்குகள் அதன் மேல் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, கெட்ட செல்லைக் கொல்லும் டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு டென்ட்ரைட்டிக் செல்களுடையது. அவை துணுக்கை விழுங்கி, நெறிக்கட்டுக்கு எடுத்துப்போய், "இதுதான் ஆள்" என்று காட்டும். பிறகு டி செல்கள் பல்கிப் பெருகிக் கிளம்பும். கட்டி இருக்கும் இடத்துக்கு டென்ட்ரைட்டிக் செல்கள் போதுமான அளவில் வருவதில்லை, வந்தாலும் தூக்கக் கலக்கத்தில்தான் இருக்கின்றன. சிக்கல் இங்கேதான்.

அப்படியானால் கட்டி செல்லையே வைத்து அவற்றைக் கூப்பிட்டால் என்ன? 1993-இல் கிளென் டிரானாஃப், ரிச்சர்ட் மல்லிகன், டிரூ பார்டால் ஆகியோர் அடங்கிய குழு அமெரிக்காவில் செய்து பார்த்தது இதைத்தான். எலியின் மெலனோமா என்ற தோல் புற்று செல்களை எடுத்து, நோயுண்டாக்காத ரெட்ரோ வைரஸ் ஒன்றின் வழியாக ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ஒவ்வொரு மரபணுவைச் செருகினார்கள். இன்டர்லூக்கின் வகைகள், இன்டர்ஃபெரான் காமா என்று எதிர்ப்பு சக்தியோடு தொடர்புள்ள புரதங்கள் பலவற்றை ஒப்பிட்டதில், ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கும் செல்கள்தான் மற்ற எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்தன. டென்ட்ரைட்டிக் செல்களை வரவழைத்து முதிரச் செய்வது இந்தப் புரதத்தின் வேலை. அந்த ஊசி போட்ட எலிகளுக்குப் பின்னால் உயிருள்ள புற்று செல்லைச் செலுத்தினார்கள். பெரும்பாலான எலிகளில் கட்டி வளரவே இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த எலிகளுக்கு ஊசி முதலில், புற்று பிறகு. சின்னாத்தாவுக்கு வரிசை நேர்மாறு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போட்ட செல் வளர்ந்துவிடாதா? வளராது. ஊசியாகப் போடுவதற்கு முன் அந்தச் செல்களின் மேல் அதிக அளவு கதிர்வீச்சு பாய்ச்சுகிறார்கள். இதை ஆய்வகத்தில் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். புற்று செல்கள் வளரும் குடுவையில் ஊட்ட நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் பெருகப் பெருக அமிலம் கூடி, ஓரிரு நாளில் அது மஞ்சளாகத் திரும்பிவிடும். கதிர்வீச்சு பட்ட செல்களின் குடுவையில் அந்த வேகம் இருக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும், தட்டையாக அகன்று பெரிதாகியிருக்கும், ஆனால் இரண்டாகப் பிரியாது. டிஎன்ஏ அறுபட்டுவிட்டதால் பிரிய முடியாது. அதே நேரம் அந்த நீரை எடுத்துச் சோதித்தால் செருகிய மரபணுவின் புரதம் அதில் சுரந்திருக்கும். சில நாள் இப்படிச் சுரந்துவிட்டுச் செல்கள் செத்துப்போகும். நமக்கு வேண்டியதும் அந்தச் சில நாள்தான். மனிதர்களில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் தெரிந்த பக்க விளைவுகள் ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, தடிப்பு, அரிப்பு, கொஞ்சம் காய்ச்சல், அசதி ஆகியவை. கீமோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எனவே இந்தச் சிகிச்சையைப் பற்றி எனக்குள்ள தயக்கம் அதன் ஆபத்தைப் பற்றியது அல்ல, பலனைப் பற்றியது.

எலியிலிருந்து மனிதருக்கு வந்தபோது இந்த ஊசிக்கு ஜிவாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் தனித்தனியாக எடுத்து, வளர்த்து, மரபணு செருகுவது பெரும்பாடு. சிலருடைய செல்கள் குடுவையில் வளரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் புரோஸ்டேட் புற்றுக்கு, ஆய்வகங்களில் வெகுகாலமாக வளர்ந்துவரும் இரண்டு செல் வகைகளை வைத்து எல்லோருக்கும் பொதுவான ஊசி தயாரித்தார்கள். இரண்டு பெரிய மூன்றாம் கட்ட ஆய்வுகள் நடந்தன. இரண்டும் 2008-இல் நின்றுபோயின. ஒன்றில் கீமோவை விட மேலான பலன் தெரிய வாய்ப்பில்லை என்று இடைக்கணக்கிலேயே தெரிந்தது. இன்னொன்றில் நிலைமை மோசம். கீமோவோடு ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 67 பேர் இறந்திருந்தார்கள், கீமோ மட்டும் பெற்றவர்களில் 47 பேர்.

அதோடு முடியவில்லை. நுரையீரல் புற்றுக்கு ஒரு ஊசி வந்தது. புற்று செல்கள் எதிர்ப்பு சக்தியை மழுங்கடிக்கச் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தை அந்த ஊசியின் செல்களில் அடக்கியிருந்தார்கள். 532 பேரில் நடந்த ஆய்வில் சராசரி ஆயுள் 20.3 மாதம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு 17.8. உறுதியாகச் சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை. கணையப் புற்றுக்கு வந்தது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. ஆல்ஃபா-கால் என்று ஒரு சர்க்கரை உண்டு. மாடு, பன்றி செல்களில் இருக்கும், மனித செல்லில் இருக்காது. அதற்கு எதிரான ஆன்டிபாடி நம் எல்லோர் ரத்தத்திலும் தயாராக இருக்கிறது. மனிதக் கணையப் புற்று செல்லில் அந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவைச் செருகினால் உடம்பு உடனே பாய்ந்து தாக்கும், தாக்கும்போது மற்ற புற்று அடையாளங்களையும் கற்றுக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். அழகான கணக்கு. 722 பேரில் சோதித்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: ஊசி போட்டவர்கள் 27.3 மாதம், போடாதவர்கள் 30.4 மாதம்.

இந்த எண்களை உங்களைச் சோர்வடையச் செய்யச் சொல்லவில்லை. காணொளியில் எலி குணமானது வரும், இவை வராது. குடும்பத்தில் ஒருவர் படுத்திருக்கும்போது முழுக் கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் பலிக்கவில்லை? என் பார்வையில் இதற்கான தெளிவான விடை 1999-இலேயே ஜேம்ஸ் ஆலிசன் குழுவின் எலி ஆய்வில் கிடைத்துவிட்டது. டி செல்லில் சிடிஎல்ஏ-4 என்று ஒரு தடை இருக்கிறது. டி செல் வெறிகொண்டு சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் இருக்க இயற்கை வைத்த பிரேக் அது. புற்று முளைவிட்ட எலிகளுக்கு ஜிஎம்-சிஎஸ்எஃப் ஊசி மட்டும் போட்டார்கள், பெரிய பலன் இல்லை. பிரேக்கை விடுவிக்கும் ஆன்டிபாடி மட்டும் கொடுத்தார்கள், அதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 85 எலிகளில் 68-இல் கட்டி கரைந்தது. இன்னொன்றும் நடந்தது: பிழைத்த கறுப்பு எலிகளின் ரோமம் திட்டுத்திட்டாக வெளுத்துப்போயிற்று. மெலனோமாவும் ரோமத்துக்கு நிறம் தரும் செல்லும் ஒரே வம்சம் என்பதால், டி செல்கள் இரண்டையும் விட்டுவைக்கவில்லை. எதிர்ப்பு சக்தி முழுமூச்சில் கிளம்பினால் எப்படியிருக்கும் என்பதற்கு அந்த வெளுத்த ரோமத்தை விடச் சான்று வேண்டாம். பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் பின்னால் மனிதர்களுக்கு வந்தன. 2018-இல் ஆலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் கட்டியிலும் இதே நிலைமைதான் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஜாஃபி குழு காட்டியது. கணையப் புற்று நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பு ஜிவாக்ஸ் போட்டு, பிறகு வெட்டி எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கணையப் புற்று என்பது எதிர்ப்பு செல்களே எட்டிப்பார்க்காத வறண்ட கட்டி. அதற்குள், 39 பேரில் 33 பேருக்கு, சிறு சிறு நெறிக்கட்டுகள் போல எதிர்ப்பு செல்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்தன. ஊசி அதன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதே இடத்தில் பிடி-எல்1 என்ற இன்னொரு தடையும் ஏறியிருந்தது. டி செல் வந்து சேர்ந்ததும் அதன் கையைக் கட்டிப்போட அங்கே ஏற்பாடு தயாராக இருந்தது.

ஆக, ஊசி தனியாகப் போதாது, தடையை விடுவிக்கும் மருந்து கூடவே வேண்டும். கட்டி மலைபோல் இருக்கும்போது போட்டுப் பயனில்லை, வெட்டி எடுத்து மிச்சம் மீதி மட்டும் இருக்கும்போது போட வேண்டும். இந்த இரண்டும்தான் இத்தனை வருடத்துப் பாடம். ரால்ஃப் ஸ்டைன்மனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டென்ட்ரைட்டிக் செல்லைக் கண்டுபிடித்தவர் அவர். 2007-இல் அவருக்கே கணையப் புற்று வந்தது. தன் கட்டியிலிருந்து செய்த ஊசிகள் உட்படப் பல சோதனைச் சிகிச்சைகளைத் தன் மேலேயே செய்துகொண்டார். நான்கு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 2011 செப்டம்பர் 30-ஆம் தேதி இறந்தார், மூன்று நாள் கழித்து நோபல் பரிசு அறிவித்தார்கள். ஊசியால்தான் அவ்வளவு காலம் இருந்தாரா, கீமோவாலா என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதரின் நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனத்துப்போகும்.

சரி, சினைப்பைப் புற்றுக்கு வருவோம். இதில் நேரடியாக நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, அம்மான் பார்த்த காணொளி பெரும்பாலும் இதை ஒட்டியதாகத்தான் இருக்கும். விஜில் என்ற ஊசி. நோயாளியின் சொந்தக் கட்டியை அறுவை சிகிச்சையின்போது எடுத்து, மின் துடிப்பு கொடுத்து செல்லின் மேல்சவ்வில் நொடிப்பொழுது துளை விழச்செய்து, மரபணுவை உள்ளே அனுப்புகிறார்கள். ஜிஎம்-சிஎஸ்எஃப் சுரப்பது ஒரு பக்கம், எதிர்ப்பு சக்தியை மழுங்கடிக்கும் டிஜிஎஃப்-பீட்டா முதிரத் தேவையான ஃபியூரின் என்ற நொதியை அடக்குவது இன்னொரு பக்கம். ஒரு ஊசிக்கு ஒரு கோடி செல்கள், மாதம் ஒன்று. கீமோ முடிந்து நோய் அடங்கியிருந்த மூன்றாம், நான்காம் நிலை நோயாளிகள் 91 பேரில் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் திரும்பாமல் இருந்த காலம் 11.5 மாதம், போலி ஊசியில் 8.4. மொத்தமாகப் பார்த்தால் உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாத வித்தியாசம். ஆனால் டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் பிஆர்சிஏ மரபணுவில் பிழை இல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் தெளிவாகத் தெரிந்தது. சின்னக் கூட்டத்தைப் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் பெரிய ஆய்வில் உறுதி செய்ய வேண்டும். நம்பிக்கை தரும் செய்திதான், விலைகொடுத்து வாங்கும் நிலைக்கு வந்த செய்தி இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊசிக்கு உயிருள்ள கட்டி வேண்டும், வெட்டி எடுத்த சூட்டோடு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சின்னாத்தாவுக்கு முன்னால் எடுத்த பயாப்ஸி ஃபார்மலினில் ஊறி மெழுகுக் கட்டியாக இருக்கிறது. அதில் ஒரு செல்கூட உயிரோடு இல்லை. "பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள், ஊசி தயாராகிவிடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னையில் கேட்டது அநேகமாக வேறொன்றாக இருக்கலாம். ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, டென்ட்ரைட்டிக் செல்லாக வளர்த்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையையும் பொதுவாகப் "புற்றுத் தடுப்பூசி" என்றுதான் சொல்கிறார்கள். அதில் கட்டி செல்லின் மரபணுவை மாற்றும் வேலை இல்லை. அந்தப் பாணியில் அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்ற ஊசி புரோஸ்டேட் புற்றுக்கானது, சராசரியாக நான்கு மாதம் ஆயுளைக் கூட்டியது. சினைப்பைப் புற்றுக்கு அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. மரபணு மாற்றிய கட்டி செல் ஊசியோ அமெரிக்காவிலும் சரி, இந்தியாவிலும் சரி, வழக்கமான சிகிச்சையாக அனுமதி பெறவில்லை. ஆய்வாகத்தான் நடக்கலாம். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வு எதுவும் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும், 2009-இலிருந்து கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கேளுங்கள். சோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடமே லட்சக்கணக்கில் பணம் வாங்குவது முறையே இல்லை. எண்ணும் இல்லை, ஒப்புதலும் இல்லை, பணம் மட்டும் முன்கூட்டியே என்றால் அந்தப் படியை மறுபடி மிதிக்காதீர்கள். நம் பக்கத்தில் வயலையும் பூர்வீக வீட்டுப் பங்கையும் விற்று இப்படிக் கொடுத்துவிட்டு, கடைசியில் வலி மாத்திரைக்குக் கைமாற்று வாங்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த வேதனை இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சினைப்பைப் புற்றில், கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிச்சமில்லாமல் எடுப்பதைப் போல ஆயுளைக் கூட்டும் காரியம் வேறு இல்லை. அதனால் புற்றுநோய் அறுவையிலேயே பழகிய மருத்துவர் செய்வதுதான் முக்கியம், இதற்காக இன்னொரு கருத்து கேட்க நினைத்தால் தயங்காமல் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துக்கத்தில் ஊர் ஊராகப் பணம் திரட்டி 1954-இல் தொடங்கியது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தெந்த சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அடுத்து, பிஆர்சிஏ சோதனை. எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள், எடுக்கவில்லையென்றால் வற்புறுத்திக் கேளுங்கள். ரத்தத்திலும் பார்க்கலாம், கட்டியின் மெழுகு பிளாக்கிலும் பார்க்கலாம். பிழை இருந்தால், கீமோ முடிந்தபின் ஓலாபரிப் என்ற மாத்திரை இருக்கிறது. 391 பேரில் நடந்த ஆய்வில், ஏழு வருடம் கழித்து மாத்திரை சாப்பிட்டவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், சாப்பிடாதவர்களில் 46.5 சதவீதம். மேலே சொன்ன ஊசிகள் எதன் முழு ஆய்விலும் இப்படி ஒரு வித்தியாசம் வந்ததில்லை. நகையை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இதற்கு வையுங்கள். இன்னொன்று, பிழை ரத்தத்திலும் இருப்பது உறுதியானால் உங்கள் ஆத்தாவும், சின்னாத்தாவின் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போக சரிபாதி வாய்ப்பு. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம், வெளியே தெரிந்தால் என்னாகும் என்று பெரியவர்கள் தயங்குவார்கள். புரிகிறது. ஆனாலும் சோதித்தே ஆக வேண்டும், முடிவை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

பிழை இல்லை என்று வந்தாலும் கதவு மூடிவிடாது, நோய் திரும்புவதைத் தள்ளிப்போடும் வேறு பராமரிப்பு மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் சொல்வார். இந்தத் துறையும் நிற்கவில்லை. 2023-இல் பாஸ்டனில் காலித் ஷா குழு, புற்று செல்லைக் கதிர்வீச்சால் முடக்காமல் உயிரோடேயே மரபணு திருத்தி, புற்றைத் தேடிப்போய்க் கொல்லும்படியும், வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும்படியும் எலிகளில் செய்து காட்டியது. இப்போது வேகமாக முன்னேறுவது இன்னொரு பாதை. முழு செல்லையும் கொடுக்காமல், கட்டியின் மரபணுவை வாசித்து, அதிலுள்ள பிழைகளை மட்டும் எம்ஆர்என்ஏ (செல்லுக்குப் புரதம் செய்யச் சொல்லும் குறிப்பு) ஊசியாக எழுதிக் கொடுப்பது. மெலனோமாவில் 157 பேருக்கு, பிரேக் விடுவிக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்ததில் நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. ஊசியும் தடை விடுவிப்பும் சேர வேண்டும், அறுவைக்குப் பின் போட வேண்டும் என்ற அதே இரண்டு பாடங்களையும் அவர்கள் கடைப்பிடித்தார்கள். இதற்கு உயிருள்ள கட்டி வேண்டாம், பதப்படுத்திய துண்டே பெரும்பாலும் போதும்.

அதனால் அறுவை முடிந்ததும் நோயியல் துறையில் சின்னாத்தாவின் மெழுகு பிளாக் எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், அறிக்கையில் இரண்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அறுவை நாளும் பிஆர்சிஏ முடிவும் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள் தம்பி, மருத்துவரிடம் அடுத்துக் கேட்க வேண்டியதை எழுதித் தருகிறேன்.